நிற்கும் லாரியும் அதற்குள் காத்திருக்கும் நாயும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் செல்லும் பெரிய லாரிகளை உற்றுப் பார்த்தால், ஓட்டுநருக்கு வலப்பக்கத்து இருக்கையில் ஒரு நாய் நிமிர்ந்து உட்கார்ந்து சாலையைக் கவனித்துக்கொண்டு வருவதை அவ்வப்போது காணலாம். நம் ஊர் லாரியில் அந்த இடம் கிளீனருக்கோ மாற்று ஓட்டுநருக்கோ உரியது. அமெரிக்காவில் கிளீனர் என்ற வேலையே இல்லை. இருவர் மாறி மாறி ஓட்டும் லாரிகள் உண்டென்றாலும், பெரும்பாலான நெடுந்தொலைவு ஓட்டுநர்கள் தனி ஆளாகவே வாரக்கணக்கில் சாலையில் இருக்கிறார்கள். காலியாகக் கிடந்த அந்த இருக்கையில் நாய் வந்து அமர்ந்ததற்கு ஓட்டுநரின் பிரியம் ஒரு காரணம். அந்தத் தொழில் நடத்தப்படும் விதம் இன்னொரு காரணம். அந்த விதமேதான் நாய் படும் பாடுகளுக்கும் மூலமாக இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை நாய்க்குப் பெரிய குறையில்லை. வண்டி நிற்கும்போதுதான் சிக்கல்கள் தொடங்குகின்றன.

அமெரிக்காவில் கனரக லாரிகளும் டிரெய்லர் லாரிகளும் ஓட்டுவோர் சுமார் 20 லட்சம் பேர். அவர்களில் ஒரு பகுதியினர் மாலையில் வீடு திரும்பும் உள்ளூர் ஓட்டுநர்கள். நெடுந்தொலைவு ஓட்டுநர்களோ இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து சாலையில் இருந்துவிட்டு, சில நாட்கள் மட்டுமே வீட்டில் தங்குகிறார்கள். வெளியில் கழித்த ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நாள் வீட்டு விடுப்பு என்பது பல நிறுவனங்களில் நீண்ட காலமாக இருந்துவரும் வழக்கம். 1980ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் சரக்குப் போக்குவரத்துத் தொழிலின் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன்பின் புதிய நிறுவனங்கள் பெருகின, போட்டி கடுமையானது, சரக்குக் கட்டணம் இறங்கியது, தொழிற்சங்கத்தின் பிடி தளர்ந்தது. ஒரு முழு லோடை ஒரு நகரில் இறக்கியதும், அதற்கு அருகில் எங்கே அடுத்த லோடு கிடைக்கிறதோ அங்கே செல்வது என்ற முறையில் ஓட்டுநர் இயங்குகிறார். அடுத்த வாரம் எந்த மாநிலத்தில் இருப்போம் என்பது அவருக்கே தெரிவதில்லை. ஊதியமும் பெரும்பாலும் ஓடிய மைல் கணக்கில்தான் வருகிறது.

இத்தகைய வாழ்க்கையில் வீட்டில் நாய் வளர்ப்பது இயலாத காரியம். மாதத்தில் மூன்று வாரம் அதை யாரிடம் விடுவது? குடும்பம் உள்ளவர்கள் சமாளித்துவிடலாம். தனித்து வாழ்பவர்களுக்கு நாயை லாரியில் ஏற்றிக்கொள்வது அல்லது நாயே வேண்டாம் என்று விட்டுவிடுவது என இரண்டே வழிகள். இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் 'ஸ்லீப்பர்' என்ற பகுதியில் படுக்கை, சிறு குளிர்பதனப் பெட்டி, சில அலமாரிகள் எனக் குடித்தனத்துக்கான குறைந்தபட்ச வசதிகள் இருப்பதால், பலர் முதல் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பூனைகளும் உண்டு. படுக்கைக்கு அடியில் மணல்தட்டு வைத்துப் பூனை வளர்ப்பவர்கள், கேபின் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது குதித்து ஓடி வேறு லாரிகளின் அடியில் மறைந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே இருக்கிறார்கள். நாய், பழக்கிய பட்டையில் நடந்து வரும், கூப்பிட்டால் திரும்பும், ஓட்டுநரையும் வண்டியை விட்டுக் கீழே இறக்கும்.

இந்தக் கடைசிப் பயனை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 2010இல் 32 ட்ரக் ஸ்டாப்புகளில் (டீசல், உணவகம், குளியலறை வசதிகளோடு லாரிகள் நின்று செல்லும் இடங்கள்) 1,670 நெடுந்தொலைவு ஓட்டுநர்களிடம் விவரம் கேட்டு ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 69 விழுக்காட்டினர் உடல்பருமன் உடையவர்கள். வேலை செய்யும் பிற வயதுவந்தோரிடையே அந்த அளவு 31 விழுக்காடாக இருந்தது. புகைபிடிப்போர் 51 விழுக்காடு. பிறரிடையே 19 விழுக்காடு. நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கும் வேலை, நடக்க இடமில்லாத நிறுத்துமிடங்கள், எண்ணெய்ப் பலகாரங்களே எளிதில் கிடைக்கும் உணவகங்கள் ஆகியவற்றின் கூட்டு விளைவு இது. நாய் இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கேபினிலிருந்து இறங்கி நடந்தே ஆகவேண்டும். மழையோ பனியோ காரணம் காட்ட முடியாது. நாயைப் பார்த்து நின்று இரண்டு வார்த்தை பேசும் அயலாரும் சேர்ந்துகொள்கிறார்கள். பல நாட்கள், லோடுகளை ஒதுக்கி வண்டியை அனுப்பும் நிறுவன அலுவலகத்தின் குரலைத் தவிர வேறு மனிதக் குரலைக் கேட்காத ஒருவருக்கு அந்த இரண்டு வார்த்தை சிறிய விஷயமாக இராது.

நிறுவனங்கள் நாயை அனுமதிப்பதற்குக் காரணம் வேறு. பெரிய நிறுவனங்களில் ஓட்டுநர்கள் வேலையை விட்டுச் செல்லும் விகிதம் பல ஆண்டுகள் 90 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்து வந்திருக்கிறது. அதாவது, 100 ஓட்டுநர் இடங்களை நிரப்பி வைக்க ஓராண்டில் ஏறத்தாழ 90 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துப் பயிற்றுவிக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும் நிலையில், நாயை உடன் அழைத்துவரலாம் என்ற ஒரு வரி ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் இடம்பெறுவது மலிவான வழி. ஆனால் நிபந்தனைகள் உண்டு. வண்டிக்கு ஒரு பிராணி மட்டும், குறிப்பிட்ட எடைக்கு மேல் கூடாது, சில இனங்கள் கூடாது, தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பன வழக்கமானவை. கேபினைத் துப்புரவு செய்வதற்கென்று சில நூறு டாலர் முன்பணமும் பிடிப்பார்கள். அதில் ஒரு பகுதி திரும்பி வராது. சொந்த லாரி வைத்து ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மத்திய அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு விதிகளும் பிராணிகளைத் தடுக்கவில்லை. எழுத்துமூல அனுமதியின்றி ஏற்றக்கூடாது என்று அவை சொல்வது மனிதர்களை மட்டுமே. நாயை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு இவ்வாறு பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. அந்த நாயை எப்படி உயிருடனும் நலத்துடனும் வைத்திருப்பது என்ற கேள்விதான் ஓட்டுநரின் தலையில் மட்டும் விடப்பட்டிருக்கிறது.

அந்தக் கேள்வியின் மையம் வெப்பம். அமெரிக்க ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய ஒரு காருக்குள் வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியதும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறியதும், கண்ணாடியைச் சிறிது இறக்கிவிட்டதால் பெரிய பயன் இல்லை என்பதும் தெரிந்தன. வெளியே நமக்கு இதமாகத் தோன்றும் நாளிலும் இதே கதைதான். நாய் நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே சூடானால் அந்த வழியும் அடைபடுகிறது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். லாரி கேபினின் அகன்ற முன்கண்ணாடி, காரைப் போலவே வெயிலை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது.

எஞ்சினை ஓட விட்டால் குளிர்சாதனம் இயங்கும், நாய் பிழைக்கும். ஆனால் நின்றுகொண்டே எஞ்சினை ஓட விடுவதற்கு விலையும் தடையும் உள்ளன. பெரிய டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல் குடிக்கும். பத்து மணி நேர ஓய்வுக்கு 30 லிட்டர். அதனால் பல நிறுவனங்கள் சில நிமிடங்களில் எஞ்சின் தானாக அணைந்துவிடும்படி அமைத்துவிடுகின்றன. புகைமாசு காரணமாக மாநிலங்களும் நகரங்களும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றியுள்ளன. கலிஃபோர்னியாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் டீசல் எஞ்சினை வெறுமனே ஓட விடக்கூடாது என்ற விதி 2008 முதல் ஸ்லீப்பர் லாரிகளையும் கட்டுப்படுத்துகிறது. குறைந்த மாசு வெளியிடுவதாகச் சான்று பெற்ற எஞ்சின்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தச் சட்டங்களின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ட்ரக் ஸ்டாப்புகளுக்கு அருகில் குடியிருப்பவர்களின் நுரையீரலும் காக்கப்பட வேண்டியதே. மாற்று ஏற்பாடு இல்லாமல் எஞ்சினை அணைக்கச் சொல்லும் நிறுவன உத்தரவுதான் பிழையானது.

மாற்று ஏற்பாடு இருக்கிறது. ஓட்டுநர்கள் 'ஏ.பி.யூ.' என்று அழைக்கும் துணை மின்பொறி, சிறிய டீசல் எஞ்சினாலோ மின்கலத்தாலோ இயங்கி, பெரிய எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்லீப்பரைக் குளிர்வித்தும் சூடாக்கியும் தருகிறது. பெரிய எஞ்சின் குடிப்பதில் ஒரு சிறு பங்கு டீசலே அதற்குப் போதும். அதன் எடையால் சரக்கு குறைந்துவிடக்கூடாது என்பதற்காக, 36 டன் என்ற மொத்த எடை வரம்புக்கு மேல் சுமார் 250 கிலோ வரை கூடுதலாக அனுமதிக்க மாநிலங்களுக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஆயினும் அதன் விலை பல ஆயிரம் டாலர். மின்கலத்தில் இயங்குபவை அரிசோனா போன்ற இடங்களின் கோடை இரவில் விடியும் முன்பே தளர்ந்துவிடக்கூடும். எனவே கேபினின் வெப்பநிலை ஏறினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்திக்கொள்ளும் ஓட்டுநர்கள் பெருகி வருகிறார்கள். குளிக்கச் செல்லும் இருபது நிமிடத்தில் ஏ.பி.யூ. நின்றுபோனால் அதை அறிய வேறு வழியில்லை. பூட்டிய வண்டியில் பிராணியைத் தவிக்க விடுவதைக் குற்றமாக்கும் சட்டங்கள் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உள்ளன. சிலவற்றில் வழிப்போக்கர் கண்ணாடியை உடைத்துக் காப்பாற்றவும் அனுமதி உண்டு. ஆனால் திரை இழுத்த ஸ்லீப்பருக்குள் ஆள் உயரத்துக்கு மேல் படுத்திருக்கும் நாய் வழிப்போக்கரின் கண்ணில் படுவதேயில்லை.

கிடங்கில் காத்திருக்கும் நேரமும் இதோடு சேர்கிறது. சரக்கு ஏற்ற, இறக்க முதல் இரண்டு மணி நேரம் இலவசம், அதற்குமேல் காத்திருப்புக் கட்டணம் என்பது தொழில் வழக்கம். நான்கு, ஐந்து மணி நேரம் காத்திருப்பது அரிதன்று. வண்டி தவறுதலாக நகர்ந்து சரக்கு ஏற்றுபவருக்கு விபத்து நேரக்கூடாது என்பதற்காகச் சில கிடங்குகள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுநரைக் காத்திருப்பு அறையில் அமரச் சொல்கின்றன. தொழிலாளியின் உயிரைக் காக்கும் நியாயமான விதிதான் அது; அதன் விளைவாக எஞ்சின் அணைந்த கேபினில் நாய் அடைபட்டிருக்கிறது. உணவுப்பொருள் கிடங்குகள் பலவற்றில் பிராணி வண்டியை விட்டு இறங்கவே கூடாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கச் சாவிக்குப் பதிலாகச் சக்கரத்துக்கோ டிரெய்லருக்கோ பூட்டுப் போடும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பரவலாக்கினால் மனிதருக்கும் நாய்க்கும் ஒருசேர நன்மை. அதுவரை, எந்தக் கிடங்கில் என்ன விதி என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துக்கொள்வதை அனுபவமுள்ளவர்கள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

நேரக் கணக்கும் நாயின் தேவையும் பொருந்துவதில்லை. மத்திய அரசின் விதிப்படி, பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு வேலையைத் தொடங்கும் ஓட்டுநர் 14 மணி நேர எல்லைக்குள் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். எட்டு மணி நேரம் ஓட்டியதும் அரை மணி நேர இடைவேளை கட்டாயம். அந்த 14 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் நாய்க்காக நிறுத்தும் கால் மணிக்கு நிற்பதில்லை. 2017 டிசம்பரில், ஓட்டிய நேரத்தைத் தானே பதியும் மின்னணுக் கருவி பெரும்பாலான நெடுந்தொலைவு லாரிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பிறகு நிமிடங்களைக் கூட்டிக்குறைத்து எழுதவும் வழியில்லாமல் போயிற்று. அந்தக் கால் மணியில் 15 மைல் ஓடியிருக்கலாம். அந்த 15 மைலுக்கான கூலி ஓட்டுநரின் கையிலிருந்துதான் போகிறது. அது தெரிந்தே அவர் நிறுத்துகிறார். மாலையில் ட்ரக் ஸ்டாப்புகள் நிரம்பிவிடும் பற்றாக்குறை வேறு. 2012ஆம் ஆண்டுச் சட்டமே லாரி நிறுத்துமிடங்களை ஒரு தேசியப் பிரச்சினையாக ஏற்றுக்கொண்டது. இடம் கிடைக்காமல் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் கிளைச்சாலையின் ஓரத்தில் இரவைக் கழிக்கும் ஓட்டுநர், விரைந்து செல்லும் வண்டிகளுக்கு இரண்டடி தள்ளி இருட்டில் நாயை நடத்த வேண்டியிருக்கிறது. பெரிய ட்ரக் ஸ்டாப் நிறுவனங்கள் சில, வேலி அடைத்த புல்தரையை நாய்களுக்கென ஒதுக்கி வருவது உண்மையிலேயே பாராட்டத்தக்க மாற்றம். மற்ற இடங்களில் தரையில் சிந்திய டீசலும் கோழி எலும்பும் குளிர்காலத்தில் பாதத்தைப் புண்ணாக்கும் உப்பும் கிடக்கும். இனிப்புச் சுவையால் நாயை ஈர்த்துச் சிறுநீரகத்தை அழிக்கும் எஞ்சின் குளிர்விப்பானின் தேக்கம் எல்லாவற்றிலும் கொடியது.

வீட்டு நாய் ஓர் ஊரின் நோய்களை மட்டுமே சந்திக்கிறது. லாரி நாய் ஒரே வாரத்தில் ஒரு கண்டத்தின் நோய்களைச் சந்திக்கிறது. தென்கிழக்கு மாநிலங்களிலும் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலும் கொசுவால் பரவும் இதயப்புழு, வடகிழக்கில் உண்ணியால் பரவும் லைம் நோய், அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவின் உட்பகுதியிலும் மண்தூசியோடு மூச்சில் ஏறும் பூஞ்சையால் வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று உண்டு. அரிசோனாவில் தொற்றிய காய்ச்சல் வெளிப்படும்போது நாய் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் மாநிலத்தில் இருக்கலாம். அங்குள்ள மருத்துவருக்கு அந்த நோய் நினைவுக்கே வராமல் போகலாம். ஆகையால், கடந்த இரண்டு மாதங்களில் எங்கெங்கு சென்றோம் என்ற வழிப்பட்டியலை மருத்துவரிடம் தாமாகவே சொல்வது ஓட்டுநரின் கடமையாகிறது. மருத்துவமனைக்குச் செல்வதே தனிப் பாடு. 70 அடி நீளமுள்ள வண்டியை நிறுத்த பெரும்பாலான கால்நடை மருத்துவமனைகளில் இடம் இராது. டிரெய்லரைப் பாதுகாப்பான ஓரிடத்தில் கழற்றி வைத்துவிட்டு, 'பாப்டெயில்' என்று அவர்கள் சொல்வதுபோல் முன்வண்டியை மட்டும் ஓட்டிச் செல்ல வேண்டும். சரக்கோடு அதைக் கழற்றி வைக்க நிறுவனம் சம்மதிக்கவும் வேண்டும்.

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஓடுபவர்களுக்கு எல்லை விதிகள் 2024 ஆகஸ்ட் 1 முதல் மாறியுள்ளன. அமெரிக்காவுக்குள் வரும் எந்த நாய்க்கும் குறைந்தது ஆறு மாத வயதும், அடையாள மைக்ரோசிப்பும், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் படிவத்தை நிரப்பிப் பெற்ற ரசீதும் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வரும் நாய்க்கும் இதுவே விதி. வெறிநாய்க்கடி நோய் அபாயம் அதிகமுள்ள நாடுகளுக்குச் செல்லாத நாய்க்கு ஒரே ரசீது ஆறு மாதம் வரை பல பயணங்களுக்குச் செல்லும் என்பதால், வாரம் இருமுறை எல்லை தாண்டும் ஓட்டுநருக்கு இது தாங்கக்கூடிய சுமையே. குட்டி நாயை வாங்கி உடனே லாரியில் பழக்க நினைப்பவர்கள் மட்டும் பொறுத்திருக்க வேண்டும்.

ஓடும் வண்டியின் ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுச் சரக்கோடு மணிக்கு 65 மைல் வேகத்தில் செல்லும் லாரி நிற்க ஏறக்குறைய 160 மீட்டர் தேவை; அவசரமாகப் பிரேக் மிதித்தால் கட்டப்படாத நாய் முன்கண்ணாடியை நோக்கி எறியப்படும், அல்லது ஓட்டுநரின் காலடியில் விழுந்து மிதிகளை மறிக்கும். மார்புப் பட்டையை இருக்கைப் பட்டையோடு இணைப்பதோ, ஸ்லீப்பரில் கூண்டைப் பிணைத்து வைப்பதோ அதற்குத் தீர்வு. சாலையோரச் சோதனையின்போது அதிகாரி கேபினை நெருங்கும் முன் நாயைக் கட்டிவிடுவதும் இதில் அடங்கும்.

சிலருக்கு நாய் துணை என்ற நிலையைத் தாண்டி மருத்துவத் தேவையாகவே இருக்கிறது. போர்க்களத்திலிருந்து மன அதிர்ச்சியோடு திரும்பிய முன்னாள் படைவீரர்கள் பலர் லாரித் தொழிலுக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி பெற்ற சேவை நாய்கள் உண்டு. பிராணிகளே கூடாது என்ற நிறுவன விதியைக் காட்டி அத்தகைய ஒருவருக்கு வேலை மறுக்கப்பட்டதாகச் சொல்லி, அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2017இல் ஒரு பெரிய லாரி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது; நிறுவனம் இழப்பீடு தர ஒப்புக்கொண்டதோடு அது முடிந்தது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டபோதும், லாரியின் கேபினும் ஒரு வேலையிடமே என்பது இப்படி வழக்காடித்தான் நிலைநாட்டப்பட வேண்டியிருந்தது. பிறர் பிராணிகளுக்கும் இந்தக் கேபின்கள் உதவியிருக்கின்றன என்பதை இங்கே சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. 2005இல் கத்ரீனா புயலில் ஆயிரக்கணக்கான வளர்ப்புப் பிராணிகள் கைவிடப்பட்டபோது, அவற்றைப் புதிய வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க 'ஆபரேஷன் ராஜர்' என்ற தன்னார்வக் குழுவை லாரி ஓட்டுநர்கள் தொடங்கினார்கள். தம் வழக்கமான லோடு செல்லும் வழியிலேயே, கூலி வாங்காமல், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி அவர்கள் நாய்களைக் கொண்டுசென்றார்கள்.

வண்டி ஒரேயடியாக நின்றுவிடும் நாளுக்கான ஏற்பாடு இன்னும் மோசமான நிலையில்தான் இருக்கிறது. ஓட்டுநர் மயங்கி விழுந்து ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டால், லாரி ஓரிடத்துக்கு இழுத்துச் செல்லப்படும். உள்ளே நாய் இருக்கிறது என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். கதவில் ஒட்டிய எச்சரிக்கைத் தாளும், பணப்பையில் வைத்த அவசரத் தொடர்பு அட்டையும்தான் இப்போதைக்கு அந்த நாயின் பாதுகாப்பு. நிறுவன லாரி ஓட்டுபவர் வேலையை விட்டாலோ, வண்டி வழியில் பழுதாகிப் பல நாள் பட்டறையில் நின்றாலோ, வீடு செல்ல நிறுவனம் பேருந்துச் சீட்டு வாங்கித் தருவது வழக்கம். நாட்டின் மிகப் பெரிய நெடுந்தொலைவுப் பேருந்து நிறுவனமான கிரேஹவுண்டில் சேவை நாய்களைத் தவிர வேறு பிராணிகளுக்கு இடமில்லை. ஆம்ட்ராக் ரயிலில் கூடையோடு சேர்த்து 9 கிலோவுக்குள் இருக்கும் சிறு பிராணிகளை மட்டுமே ஏற்றுவார்கள். முப்பது கிலோ நாயோடு வீட்டிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி நிற்கும் ஓட்டுநர், கையிலிருந்த சீட்டைப் பயன்படுத்தாமல், தன் பணத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, பின்னிருக்கையில் நாயை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறார்.